சுடாத கைத்துப்பாக்கி: கட்டபொம்மன் நாடகத்துக்கு ஒரு மரவேலை

எங்கள் பக்கத்தில் கோயில் கொடை என்றால் ஒரு காலத்தில் ராத்திரிக்குக் கட்டபொம்மன் நாடகம் உண்டு. இப்போது அது பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு இடம் மாறிவிட்டது. வாள், வல்லயம் என்கிற ஈட்டி, தலைப்பாகை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். வெள்ளைக்காரத் துரை இடுப்பில் செருகுகிற கைத்துப்பாக்கிக்குத்தான் ததிங்கிணத்தோம். ஒரு பள்ளியில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மேன் துரை, பச்சைக் கலர் தண்ணீர்த் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கட்டபொம்மன் வசனத்தை மறந்துவிட்டார்.

அன்றைக்கு எடுத்த முடிவு, நாமே ஒன்று செய்துவிடுவது என்று. இதுவரை மூன்று செய்திருக்கிறேன். முதலாவது உடைந்தது, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதைத் துணிந்து மற்றவர் கையில் கொடுக்கலாம். உளி பிடித்துப் பழகாதவர்களும் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்கிற மாதிரி அந்த மூன்றாவதைச் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது முழுக்க மரம். குழலுக்குத் துளை கிடையாது, விசை அசையாது. "பழைய காலத்து மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிதானே, அதுக்கெல்லாம் சட்டம் உண்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பதைத் தடுக்கிறது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிறதும் அந்தக் கணக்கில் துப்பாக்கிதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, ஆயுள்வரை போகும். போலித் துப்பாக்கியைச் சுடுகிற துப்பாக்கியாக மாற்றுவதையும் 6ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும். வீட்டுப் பட்டறையில் செய்த குழாய் வெடித்து விரலைக் கொண்டுபோன கதைகளை எந்த ஊரிலும் கேட்கலாம். ஆகையால் இரும்புக் குழாயை வைத்துப் பார்ப்போமே என்ற ஆசை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

எந்தக் காலத்துத் துப்பாக்கி

மரத்தை வாங்குமுன் நாடகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் துரையைக் கட்டபொம்மன் சந்தித்ததும், அங்கே நடந்த கைகலப்பில் கிளார்க் என்ற அதிகாரி செத்ததும் 1798 செப்டம்பரில். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை பானர்மேன் தாக்கியது 1799 செப்டம்பர் 5. கயத்தாற்றில் தூக்கு அதே ஆண்டு அக்டோபர் 16. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி மறுபடி போர் மூண்டது 1801இல். இந்த மூன்று நான்கு வருடங்களில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கையில் இருந்தது சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி உண்டாக்கும் கைத்துப்பாக்கி. ஒரு குண்டு சுட்டால் அடுத்த குண்டுக்கு வாய்வழியாக மருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு வாஞ்சிநாதன் நாடகத்துக்குப் போய்விடாதீர்கள். மணியாச்சியில் 1911 ஜூன் 17இல் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. இரண்டுக்கும் நடுவே நூறு வருடம் ஓடியிருக்கிறது. என்னிடம் இரவல் கேட்டு வந்த ஒரு தமிழாசிரியருக்கு இதைச் சொன்னபோது, "யாருக்குத் தெரியப்போகுது" என்றார். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியுமே.

இன்னொன்று, இது துரைமார்களுக்குத்தான். கட்டபொம்மன் இடுப்பில் இதைச் செருகாதீர்கள். பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் வல்லயத்துக்கும் வாளுக்கும் பேர்போனவர்கள். மேடையில் அவருக்கு வாள்தான் அழகு.

படம் போடுதல்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். உருவம் நன்றாக வந்ததா இல்லையா என்பது தொண்ணூறு சதவீதம் பக்கவாட்டுக் கோட்டில்தான் இருக்கிறது. பித்தளையும் பாலீஷும் அதற்கப்புறம்.

ஒரு சார்ட் பேப்பரில் நிஜ அளவிலேயே வரையுங்கள். நான் ஆசாரிக் கணக்கில் அங்குலமும் நூலும் சொல்கிறேன். அங்குலத்துக்கு எட்டு நூல். குழல் 9 அங்குலம், மொத்த நீளம் பதினைந்தரை. குழலின் அடிப்பக்கக் கனம் 9 நூல், வாய்ப்பக்கம் 7 நூல். குழல் முடிகிற இடத்துக்குப் பின்னால் கை பிடிக்கிற கழுத்து. அங்கே கனம் பத்து நூலுக்கு மேல் போகக் கூடாது. அதிலிருந்து பிடி வளைந்து இறங்கி, அடியில் கொஞ்சம் பருத்து முடியும். குழலின் மேல்கோட்டிலிருந்து பிடியின் அடி நாலரை அங்குலம் இறங்கியிருந்தால் சரி.

அந்த வளைவை அளவுகோலால் போட முடியாது. கண்தான் போட வேண்டும். கோயில் யானை தும்பிக்கையைத் தொங்கவிட்டு நுனியை லேசாகத் திருப்புமே, அப்படி ஒரே ஓட்டமாக இறங்க வேண்டும். நடுவில் முழங்கை மாதிரி மடங்கினால் அது சினிமாக் கொள்ளைக்காரன் துப்பாக்கி ஆகிவிடும். சென்னைக்குப் போகிறவர்கள் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத்து ஆயுதங்களை ஒரு நடை பார்த்து வந்தால் நல்லது. பார்த்துவிட்டு வரைந்த கோட்டுக்கும் பார்க்காமல் வரைந்த கோட்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

படத்தைக் கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். வெட்டிய அட்டையைக் கையில் பிடித்து நிலைக்கண்ணாடி முன்னால் நில்லுங்கள். பிடி கையை விட்டு நழுவுகிற மாதிரி தோன்றினால் அட்டையிலேயே திருத்திவிடலாம். அட்டை மலிவு, மரம் மலிவில்லை.

மரம்

அசலுக்கு வால்நட் என்ற மரம். அது நமக்குக் கிடைக்காது, தேவையுமில்லை. வாகையின் வைரம், அதாவது உள்மரம், அதே பழுப்பு நிறத்தில் இருக்கும். வெளிநாட்டு மர வியாபாரத்தில் வாகைக்கே 'கிழக்கிந்திய வால்நட்' என்று ஒரு பெயர் உண்டு. வென்ற அரசன் வாகை சூடினான் என்று பாடப் புத்தகத்தில் படித்த அதே வாகையில் தோற்கடித்தவன் துப்பாக்கியைச் செய்கிறோம். மரக்கடையில் 18 அங்குலம் நீளம், 6 அகலம், 2 கனத்தில் துண்டு கேளுங்கள். நிலைக்கதவு அறுத்த மிச்சத்தில் சல்லிசாகக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகக்கவசம் போட்டுக்கொண்டு முற்றத்தில் வேலை செய்யுங்கள்.

வாகை அகப்படவில்லை என்றால் பூவரசு. உளிக்கு இணங்கும். தேக்கு நல்ல மரம்தான், ஆனால் பழக்கமில்லாத கையில் ஓரம் சிலாம்பாகப் பெயரும். நம்ம ஊர்ப் பெருமை என்று பனையில் ஆரம்பித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பனை உத்தரத்துக்கு ஆகும். இந்த மாதிரி வளைவுக்கு ஆகாது. அவர் உள்ளங்கையில் ஏறிய சிலாம்பை ஊசியால் எடுத்தது நான்தான்.

எந்த மரமானாலும் ரேகையைப் பாருங்கள். என் முதல் துப்பாக்கி உடைந்தது இதனால்தான். பலகை நீளத்துக்கு ரேகை நேராக ஓட, பிடி மட்டும் வளைந்து கீழே இறங்க, கழுத்தில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டுப் போயிற்று. கிளார்க் துரை செத்து விழுகிற காட்சியில் துரையோடு துப்பாக்கியும் விழுந்தது. பிடி தனியாகக் கழன்று உருண்டு முன் வரிசைக்கு வந்தது. ஒரு சின்னப் பிள்ளை அதை எடுத்து, "மாமா, இந்தாங்க" என்று செத்துக் கிடந்த துரையிடம் நீட்ட, துரையும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அட்டையைப் பலகையில் நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைத்து, கழுத்து வழியாக ரேகை நீளவாக்கில் ஓடுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். எப்படிச் சாய்த்தாலும் கழுத்தில் கொஞ்சம் குறுக்கு ரேகை வரத்தான் செய்யும். அதற்கு ஒரு வைத்தியம் பின்னால் வருகிறது.

குழலை அம்பாசமுத்திரத்தில் கடையலாம்

குழலை வீட்டில் இழைத்து உருட்ட முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் பாழாக்கினேன். நீங்கள் நேரே கடைசல்காரரிடம் போய்விடுங்கள். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்களுக்கு இது ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரத்து வேலை. 9 அங்குல நீளம், ஒரு பக்கம் 9 நூல், மறுபக்கம் 7 நூல், சீராகச் சரிந்து வர வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, அந்தச் சூட்டிலேயே அரக்கு உருகிப் பிடித்துக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நமக்கு அரக்கு வேண்டாம், வெறும் மரம் போதும். ஆனாலும் அதைப் பார்க்காமல் திரும்புவது பாவம்.

வாய்ப்பக்கத்தில் இரண்டு நூல் ஆழத்துக்கு மட்டும் ஒரு குழி போடச் சொல்லுங்கள். அதில் கறுப்பு பெயிண்ட் அடித்தால் பத்தடி தூரத்திலிருந்து பார்க்க ஆழம் தெரியாத கிணறு மாதிரி இருக்கும். அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம்.

உருட்டுவதற்கு முன்னால் குடை

எனக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசாரி ஒருவர் உண்டு. முதல் நாள் நான் பலகையை வெட்டியதும் ஆர்வமாகப் பிடியை உருட்ட ஆரம்பித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏ தம்பி, உருட்டிப்புட்டா பிறவு எதை வச்சுலே மட்டம் பாப்பே?" என்றார். மொத்த வேலையும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. பலகை சதுரமாக இருக்கும்போதுதான் மூலைமட்டம் பிடிக்கும், இடுக்கியில் அசையாமல் நிற்கும், நடுக்கோடு நடுக்கோடாகவே இருக்கும். ஆகையால் குழல் உட்காரும் பள்ளத்தையும் பொறித் தகடு, அதாவது சுடும் விசையமைப்பு இருக்கிற பக்கத் தகடு, உட்காரும் பள்ளத்தையும் முதலில் குடைந்துவிட வேண்டும். அப்புறம் பக்கவாட்டு உருவத்தை அறுக்க வேண்டும். உருட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

அட்டையைச் சாய்த்து வைத்த குழல் கோட்டுக்கு நேராகப் பலகையின் மேல் விளிம்பை அறுத்துக்கொண்டு, அந்த விளிம்பில் நடுக்கோடு போடுங்கள். குழல் பாதி மரத்துக்குள், பாதி வெளியே. வளைவாய் உளியால் கோட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடிக்க வேண்டியது ஆரம்பத்தில் மட்டும். முக்கால் ஆழம் வந்ததும் கையால் தள்ளினால் போதும். பள்ளம் குழலுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். கொஞ்சம் கண்மையை எண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் பூசி, பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அங்கே மரம் மேடாக இருக்கிறது. அதை மட்டும் சுரண்டுங்கள். மறுபடி வையுங்கள், மறுபடி சுரண்டுங்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் கொல்லர்களும் விளக்குக் கரியை வைத்து இதையேதான் செய்தார்கள். இருபது தடவை ஆகும். கடைசியில் பள்ளம் முழுக்க ஒரே சீராக மை படிந்திருப்பதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே இதைச் செய்யலாம். வீட்டில் கண்மை டப்பா காணாமல் போனதற்குப் பதில் சொல்ல மட்டும் தயாராக இருங்கள்.

பொறி

வலது பக்கத்தில் நாலரை அங்குல நீளம், 7 நூல் அகலத்தில் ஒரு தகடு. இரண்டு நூல் கனப் பிளைவுட்டில் வெட்டி, அதன் பாதிக் கனம் மரத்துக்குள் போகும்படி பள்ளம் எடுங்கள். இதன் மேல் நான்கு உறுப்புகள் உட்காரும். அசலில் அவை என்ன செய்தன என்று தெரியாமல் வெட்டினால் இடம் மாறிப்போகும். குதிரை என்பது பின்னால் இருக்கும் வளைந்த கொக்கி. அதன் தாடைக்குள் தோல் சுற்றிய சிக்கிமுக்கிக் கல் இருக்கும். எதிரே செங்குத்தாக நிற்பது உருக்குத் தகடு. அதன் காலடியில் மருந்துக் கிண்ணி, முன்னால் ஒரு வில். விசையை இழுத்ததும் குதிரை முன்னால் பாய்ந்து, கல் உருக்கில் உரசி, தீப்பொறி கிண்ணியில் கொட்டும். கிண்ணி மருந்து பற்றி, பக்கத்துத் துளை வழியாகத் தீ குழலுக்குள் போகும்.

இதிலிருந்து நமக்குத் தேவையான செய்தி ஒன்றுதான். கல்லின் முனை உருக்கின் முகத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பல மாதிரிகளில் கல் வானத்தைப் பார்க்கும், உருக்கு பிடிக்கு முதுகைக் காட்டும். குதிரையைப் பாதி இழுத்த நிலையில், கல்லுக்கும் உருக்குக்கும் நாலு நூல் இடைவெளி விட்டு அப்படியே ஒட்டிவிடுங்கள். வில் வைத்து அசையவிட வேண்டாம். அசைகிற உறுப்பு எதுவும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒரு ஒத்திகைக்கு மேல் தாங்காது. கல்லுக்கு ஒரு மரச் சில்லைச் சீவிச் சாம்பல் நிறம் அடித்து, பழைய செருப்புத் தோலைச் சுற்றிச் செருகினால் போதும்.

தகட்டில் ஒரு முத்திரை வேண்டும். 1808க்கு முன்னால் கம்பெனி ஆயுதங்களில் நாலாக வகுத்த இதய வடிவம், பாகத்துக்கு ஒன்றாக வி, இ, ஐ, சி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், தலையில் நான்கு என்ற எண் போல ஒரு குறி. அதற்கப்புறம்தான் கிரீடம் ஏந்திய சிங்கம் வந்தது. கட்டபொம்மன் நாடகத்துக்கு இதயம்தான். சால்டரிங் கோலால் சுட்டு வரையலாம், மெல்லிய மார்க்கரும் போதும்.

உருட்டுதல்

இப்போது அட்டையை வைத்துக் கோடு போட்டு, ஜிக்ஸாவோ வளைவு ரம்பமோ கொண்டு அறுங்கள். கோட்டுக்கு ஒரு நூல் வெளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் எடுப்பது நல்லது. அறுத்ததும் கழுத்துக்கான வைத்தியம். பிடியின் அடியிலிருந்து கழுத்தை நோக்கி இரண்டு நூல் விட்டத்தில் நாலு அங்குலம் துளைத்து, ஃபெவிகால் தடவிய மூங்கில் ஆணியை இறக்குங்கள். முற்றிய மூங்கிலாக இருக்கட்டும். துளையின் வாய் பின்னால் பித்தளைக்குள் மறைந்துவிடும். இது போட்டபிறகு என் துப்பாக்கி மூன்று தடவை மேடையில் விழுந்திருக்கிறது. கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சதுரத்திலிருந்து நேரே வட்டத்துக்குப் போகாதீர்கள். சிவலிங்கத்தில் அடிப்பாகம் சதுரம், நடுப்பாகம் எட்டுப்பட்டை, மேலே வட்டம். சிற்பி வழியும் அதுதான், ஆசாரி வழியும் அதுதான். நாலு மூலையையும் ஒரே அகலத்துக்குச் சரித்து எட்டுப்பட்டை ஆக்குங்கள். அதன் முனைகளை எடுத்தால் பதினாறு. அதற்கப்புறம் அரைவட்ட அரம் போனாலே உருண்டுவிடும். பொறித் தகட்டைச் சுற்றியும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் மட்டும் தட்டையை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தத் தட்டைக்கும் உருண்டைக்கும் நடுவே இருக்கிற விளிம்பு கூர்மையாக நின்றால்தான் பார்க்கிறவருக்கு 'அட' என்று தோன்றும். புதியவர்கள் உப்புத்தாளைப் போட்டு அதையும் மழுக்கிவிடுவார்கள்.

உப்புத்தாள் 80, 120, 220 என்று வரிசையாக. 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மரம் மயிர்க்கூச்செறிந்து நிற்கும். அதை மறுபடி 220ஆல் லேசாகத் தேயுங்கள். இதைச் செய்யாமல் எண்ணெய் பூசினால் அப்புறம் அது எழும்பிக்கொண்டு சொரசொரப்பாகும்.

பித்தளையும் எண்ணெயும்

விசைக் காப்புக்கு நாலு நூல் அகலப் பித்தளைப் பட்டை. அப்படியே வளைத்தால் விரிசல் விடும். அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும். இடுக்கியால் பிடியுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். ஆறியபின் உலக்கையைச் சுற்றி வளைத்தால் வளைவு சீராக வரும். பிடியின் அடிக்கு அசலில் பித்தளைக் குல்லாய் உண்டு. அதைத் தட்டி உருவாக்குவது பாத்திரக்காரர் வேலை. நான் பழைய பித்தளைக் கிண்ணம் ஒன்றின் அடியை வெட்டி மாட்டினேன். எடைக்குப் பாத்திரம் வாங்குகிற கடையில் தேடினால் அகப்படும். குழலின் அடியில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைக் கெட்டிக்கும் கம்பியாகச் செருகிவிடுங்கள்.

குழலைப் பள்ளத்தில் ஒட்டும்முன் மேட் கறுப்பு அடித்துக் காயவிடுங்கள். பிறகு பென்சிலின் கரிக்குச்சியை நன்றாகப் பொடியாக்கி, விரலில் தொட்டுக் குழல் முழுக்கத் தேயுங்கள். மரம் கண்முன்னால் இரும்பாகும். வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் அலுமினியப் பாத்திரம் மாதிரிதான் இருக்கும், அடிக்காதீர்கள். மேலே ஒரு பூச்சு மேட் வார்னிஷ் இருந்தால் கையில் ஒட்டாது. பொறியின் உறுப்புகளுக்கும் இதே முறைதான்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, கால்மணி கழித்துத் துடைத்து, ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. நாலு பூச்சு போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்தபிறகு குப்பையில் போடுங்கள்.

கொண்டுபோகும்போது

எவ்வளவு மரமானாலும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது துப்பாக்கிதான். நாம் நன்றாகச் செய்திருந்தால் இன்னும் மோசம். பஸ்ஸில் கையில் வைத்துக்கொண்டு போவது, பைக்கில் இடுப்பில் செருகிப் போட்டோ எடுப்பது எல்லாம் வேண்டாம். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் போங்கள். ஊர்வலத்தில் வேஷம் கட்டி வருவதானால் விழாக் கமிட்டியிடம் சொல்லி, காவல் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை தெரிவிக்கச் சொல்லுங்கள். விமானத்தில் கைப்பையில் போலித் துப்பாக்கிக்கும் இடமில்லை.

மேடையில் வெடிச் சத்தத்துக்குத் துப்பாக்கியோடு பொட்டுவெடி, கேப்பு எதையும் ஒட்டவைக்கக் கூடாது. திரைக்குப் பின்னால் தவில்காரர் ஒரு அடி கொடுத்தால் போதும். அவரையும் நடிகரையும் மூன்று தடவையாவது சேர்த்து ஒத்திகை பாருங்கள். எங்கள் விழாவில் துரை துப்பாக்கியை நீட்டி நின்றார், தவில்காரர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், சத்தம் வருவதற்குள் சுடப்பட வேண்டியவர் பொறுக்கமாட்டாமல் தானே விழுந்துவிட்டார்.